குளிருக்கு யார் சாட்சி

வளையத்தை விட்டு ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. அதுவரை அதே பாதையில் கோடிக்கணக்கான முறை சுற்றியது அது. ஒவ்வொரு வளைவிலும் காந்தம் அதைப் பிடித்துத் திருப்பிவிட்டது. இந்தச் சுற்றில் மட்டும் காந்தத்தின் பிடி நழுவிவிட்டது. சற்று முன்பு, ஒரு நேர்ப்பகுதியில், தன்னோடு கூடவே ஓடிவந்த எலெக்ட்ரான் ஒன்றைப் புரோட்டான் பற்றிக்கொண்டதுதான் காரணம். நேர்மின்னும் எதிர்மின்னும் சேர்ந்து சமனாகி, அது இப்போது ஒரு ஹைட்ரஜன் அணு. மின்னூட்டம் இல்லாத ஒன்றைக் காந்தம் திருப்பாது. வளைவு வந்தும் வளையாமல், நூல் பிடித்தாற்போல் நேரே போய் ஓர் உணர்கருவியில் மோதுகிறது. அங்கே ஒரு புள்ளி விழுகிறது.

ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் விழுந்தால் அது படம். முதலில் கலைந்து பரவிய வட்டம். கொஞ்ச நேரத்தில் அதே வட்டம் சுருங்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பொட்டாகிவிடுகிறது. 1970களில் சைபீரியாவின் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் தங்கள் புரோட்டான் கற்றை குளிர்ந்துவிட்டது என்பதை இப்படித்தான் கண்டுகொண்டார்கள். வெற்றிடக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்த கற்றையை யாரும் தொடவில்லை, தொடவும் முடியாது. அதை விட்டுப் போனவைதான் சேதி கொண்டுவந்தன.

அந்த இடம் நோவோசிபிர்ஸ்க் நகரை ஒட்டிய அகாதெம்கொரொதோக் என்னும் அறிவியல் குடியிருப்பு. அங்கே 1958இல் தொடங்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் கேர்ஷ் புட்கர். இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் அவருக்குச் ‘சார்பியல் பொறியாளர்’ என்று பட்டப்பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். கோட்பாட்டாளருக்குரிய கற்பனையும் பட்டறைக்காரருக்குரிய துணிச்சலும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1966இல் பாரிஸுக்கு அருகே சாக்லேயில் நடந்த ஒரு கருத்தரங்கில் புட்கர் ஒரு யோசனையை முன்வைத்தார்: கனமான துகள்களின் கற்றையை எலெக்ட்ரான் கற்றையால் குளிர்விக்கலாம்.

கேட்டவர்களுக்கு முதலில் எழுந்திருக்கக்கூடிய கேள்வி எளிமையானது. ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு பறக்கும் புரோட்டான்களுக்குச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் என்ன இருக்கிறது? ஓடும் ரயிலை நினைத்துக்கொண்டால் போதும். ரயிலின் வேகம் சூடு அல்ல. பெட்டிக்குள் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஓடுகிறார்களே, இருக்கையில் ஏறி இறங்குகிறார்களே, அதுதான் சூடு. கற்றையில் எல்லாப் புரோட்டான்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போகின்றன. அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லுக்குள் இருக்கும் சிறு சிறு வேறுபாடுகளே கற்றையின் வெப்பம். சில முந்துகின்றன, சில பிந்துகின்றன, சில பக்கவாட்டில் அலைகின்றன.

காந்தங்களைக் கொண்டு இந்த அலைச்சலை அடக்க முடியாது. கற்றையின் அகலத்தைக் காந்தத்தால் குறுக்கினால் துகள்களின் பக்கவாட்டு வேகம் கூடிவிடும். அந்த வேகத்தைக் குறைத்தால் அகலம் கூடும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் கதைதான். 19ஆம் நூற்றாண்டில் ஜோசஃப் லியூவில் கணிதமாக எழுதிவைத்த தேற்றத்தின் விளைவு இது. கற்றையின் கலக்கத்தை இடம் மாற்றலாம், குறைக்க முடியாது. குறைக்கவேண்டுமானால் அதை வாங்கிக்கொண்டு போக வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும்.

புட்கரின் எலெக்ட்ரான்கள் அப்படி வந்தவை. வளையத்தின் ஒரு நேர்ப்பகுதியில் மட்டும், புரோட்டான் கற்றையின் மேலேயே, அதே திசையில், அதே வேகத்தில் ஓர் எலெக்ட்ரான் கற்றை ஓடும். எலெக்ட்ரான் புரோட்டானைவிட 1836 மடங்கு இலேசானது. ஆகவே 65 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானோடு சேர்ந்து ஓட எலெக்ட்ரானுக்கு 35 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் போதும். சேர்ந்து ஓடும்போது அலையும் புரோட்டான் அமைதியான எலெக்ட்ரான்களோடு உரசுகிறது, தன் அலைச்சலில் கொஞ்சத்தை அவற்றிடம் விடுகிறது. நேர்ப்பகுதி முடிந்ததும் எலெக்ட்ரான்கள் பிரிந்துபோய்விடும். அடுத்த சுற்றில் புரோட்டான் திரும்பி வரும்போது அங்கே காத்திருப்பவை புதிய எலெக்ட்ரான்கள். கொதிக்கும் செப்புக் குடத்தை ஓடும் வாய்க்காலில் இறக்கிவைத்தால் எப்படி ஆறுமோ அப்படி. குடத்தைத் தொடும் நீர் ஒவ்வொரு கணமும் வேறு நீர்.

தமிழில் இதற்குக் குளிர்வித்தல் என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் ‘ஆற்றுதல்’ என்ற சொல்தான் இங்கே நடக்கும் காரியத்துக்கு நெருங்கியது. பாலை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம், அழும் பிள்ளையை ஆற்றுகிறோம். மூன்றிலும் குளிரை எங்கிருந்தோ கொண்டுவந்து ஊட்டுவதில்லை, ஒரு கொந்தளிப்பு அடங்கிக் கீழே இறங்குகிறது. வளையத்துக்குள் நடப்பதும் அதுதான்.

ஆற்றவரும் எலெக்ட்ரான்கள் பிறக்கும் இடத்தையும் பார்த்துவிடவேண்டும். அவை சுமார் ஆயிரம் டிகிரி சூட்டில் தகதகவென்று ஒளிரும் ஓர் உலோகத் தகட்டிலிருந்து, எதிர்மின்வாயிலிருந்து, கிளம்புகின்றன. சிவந்து கனலும் இடத்தில் பிறந்தவை எப்படி இன்னொன்றைக் குளிர்விக்கும்? விடை முடுக்கத்தில் இருக்கிறது. தகட்டை விட்டுக் கிளம்பும்போது ஓர் எலெக்ட்ரானுக்கும் இன்னொன்றுக்கும் இடையே எலெக்ட்ரான்வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் வேறுபாடு இருக்கலாம். மெதுவாகப் போகும்போது அது பெரிய வேக வேறுபாடு. இரண்டுக்கும் 35,000 எலெக்ட்ரான்வோல்ட்டை ஏற்றிவிட்டால் ஆற்றல் வேறுபாடு அதே பத்தில் ஒரு பங்காகவே இருக்கும். ஆனால் இப்போது இரண்டும் அசுர வேகத்தில் போகின்றன. அந்த வேகத்தில், அதே ஆற்றல் வேறுபாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு வேக வேறுபாடு போதும். எனவே ஓடும் திசையில் எலெக்ட்ரான் கூட்டத்தின் வெப்பநிலை முழுப் பூச்சியத்துக்குச் சில டிகிரி மேலே வரை இறங்கிவிடுகிறது. ஐஸும் இல்லை, திரவ ஹீலியமும் இல்லை. விரட்டிய விரட்டிலேயே குளிர்ந்துபோகின்றன.

பக்கவாட்டில் அப்படி இல்லை, அந்தத் திசையில் தகட்டின் சூடு அப்படியே தங்கியிருக்கும். குளிர்விப்பு மந்தமாகத்தான் இருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை வளையத்துக்கு நாப்-எம் என்று பெயர். ‘எதிர்ப்புரோட்டான் சேமிப்பகம், மாதிரி’ என்பதன் ரஷ்யச் சுருக்கம். பெயரில் எதிர்ப்புரோட்டான் இருந்ததே தவிர உள்ளே சுற்றியவை சாதாரணப் புரோட்டான்கள். மொத்தச் சுற்றளவு சுமார் 47 மீட்டர். அதில் எலெக்ட்ரான்கள் கூட ஓடிய தூரம் ஒரு மீட்டர்தான். எலெக்ட்ரான் கருவிக்கு எபோகா என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ஒரு சுருக்கம்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு ரஷ்ய மொழியில் யுகம் என்று பொருள். 1974இல் கற்றை குளிர்ந்தது. தொடக்கத்தில் சில நொடிகள் பிடித்தன. இரண்டு ஆண்டுகளில், எலெக்ட்ரான் ஆற்றலைத் துல்லியமாக நிலைநிறுத்தி, காந்தப்புலத்தைச் சீராக்கியதும், நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் குளிர்ந்தது. கணக்குச் சொன்னதைவிட அது எவ்வளவோ வேகம்.

காரணத்தை யாரொஸ்லாவ் தெர்பேனெவும் அலெக்சாந்தர் ஸ்க்ரின்ஸ்கியும் விளக்கினார்கள். எலெக்ட்ரான் கற்றை கலையாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு நீள்காந்தப்புலம் போட்டிருந்தார்கள். அந்தப் புலத்தில் ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன் பக்கவாட்டு வேகத்தைச் சின்னஞ்சிறு வட்டங்களாகச் சுற்றியே தீர்த்துக்கொள்கிறது. சற்றுத் தள்ளி மெதுவாகக் கடக்கும் புரோட்டானுக்கு அந்த வட்டம் தெரிவதில்லை, வட்டத்தின் மையம்தான் தெரிகிறது. மையமோ குளிர்ந்தது. கட்டிப்போடுவதற்காக வைத்த காந்தம் சூட்டை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த வரம் அது.

இந்த உரசலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தரையில் இழுக்கும் பெட்டியின் உராய்வு போன்றதல்ல இது. எலெக்ட்ரான் கூட்டத்தோடு ஒப்பிட ஒரு துகள் வேகமாக விலகி ஓடினால் உராய்வு குறைகிறது, ஏனென்றால் ஒவ்வோர் எலெக்ட்ரானோடும் அது செலவிடும் நேரம் குறைவு. மிகவும் அலைபவை மெதுவாக ஆறுகின்றன, கொஞ்சம் அடங்கியவை சட்டென்று ஆறிவிடுகின்றன. இந்தக் கணக்கின் மூலவடிவத்தை 1943இலேயே ஒருவர் எழுதியிருந்தார், எலெக்ட்ரான்களுக்காக அல்ல, நட்சத்திரங்களுக்காக. விண்மீன் கூட்டத்தின் ஊடே செல்லும் ஒரு நட்சத்திரம் மற்றவற்றின் ஈர்ப்பால் எப்படி மெல்ல மெல்ல வேகம் இழக்கிறது என்பதை ‘இயக்க உராய்வு’ என்ற பெயரில் நிறுவியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். ஈர்ப்பு விசையும் மின்விசையும் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைபவை. அந்த ஓர் ஒற்றுமை போதும், நட்சத்திரக் கூட்டத்துக்கு எழுதிய சமன்பாடு ஒரு மீட்டர் நீளக் குழாய்க்கும் பொருந்திவிடுகிறது. திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பு படித்தவரின் கணக்கு சைபீரியப் பனிக்கு நடுவே புரோட்டான்களை ஆற்றியது என்று நினைக்கும்போது ஒரு சிலிர்ப்பு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சாட்சிக்குத் திரும்புவோம். எலெக்ட்ரானைப் பற்றிக்கொண்டு வெளியேறும் அணுக்கள் நல்ல சாட்சிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் கற்றைக்கு ஓர் இழப்பு. புரோட்டான்களுக்கு அது சொற்பம். கன அயனிகளுக்கு அப்படியல்ல. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1990களில் ஈய அயனிகளைக் குளிர்விக்கும் சோதனைகள் நடந்தபோது இது கசப்பாகத் தெரியவந்தது. 53 எலெக்ட்ரான்களை இழந்த ஈய அயனி, குளிர்விக்க வந்த எலெக்ட்ரான்களை எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு ஆவலோடு பிடித்துக்கொண்டு கற்றையிலிருந்து உதிர்ந்தது. மருந்தே உயிரைக் குடிக்கும் நிலை. இன்னும் ஓர் எலெக்ட்ரானை உரித்து 54 ஆக்கியதும் உதிர்வு வெகுவாகக் குறைந்தது. இன்று பெரிய ஹேட்ரான் மோதுகலத்தில் மோதும் ஈய அயனிகள் லீர் என்னும் சிறு வளையத்தில் இந்த 54ஆம் நிலையில்தான் குளிர்விக்கப்படுகின்றன. அந்த வளையத்தின் குளிர்விப்பானைச் செய்து அனுப்பியது நோவோசிபிர்ஸ்க் நிறுவனம்.

கற்றையைச் சிறிதும் இழக்காமல் அதன் வெப்பத்தை அறிய வேறொரு வழி இருக்கிறது. அதன் இரைச்சலைக் கேட்பது.

1918இல் ஜெர்மானியர் வால்டர் ஷாட்கி, வெற்றிடக் குழாய்களின் மின்னோட்டத்தில் எவ்வளவு முயன்றாலும் நீங்காத ஓர் இரைச்சல் இருக்கும் என்று காட்டினார். மின்னோட்டம் ஒழுகும் எண்ணெய் அல்ல, தனித்தனி மின்னூட்டங்களின் வரவு. தகரக் கொட்டகையில் மழை ஒரே சீராகப் பெய்தாலும் தடதடப்பு இருக்கும் அல்லவா, அதுபோல. வளையத்தில் சுற்றும் கற்றைக்கும் இதே தடதடப்பு உண்டு. குழாயின் இருபுறமும் இரண்டு உலோகத் தகடுகள். ஒவ்வோர் அயனி கடக்கும்போதும் தகட்டில் ஒரு நுண்துடிப்பு. வேகம் சற்று மாறுபட்ட அயனிகள் சற்று மாறுபட்ட அதிர்வெண்ணில் சுற்றுகின்றன. எல்லாத் துடிப்புகளையும் அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்தால் ஒரு மேடு தெரியும். மேடு அகலமாக இருந்தால் கற்றை சூடு, ஒடுங்கினால் குளிர். மேட்டின் மொத்தப் பரப்பு எத்தனை துகள்கள் என்று சொல்லும்.

செர்னின் ஐ.எஸ்.ஆர் வளையத்தில் 1972இல் இந்த இரைச்சலைப் பிடித்தார்கள். அங்கே பணியாற்றிய சைமன் வான் டெர் மீர், இரைச்சல் கேட்கிறது என்றால் அதைக்கொண்டே கற்றையைத் திருத்தவும் முடியும் என்ற தம் யோசனையை அந்த ஆண்டு எழுதினார். கேட்டதைப் பெருக்கி, வளையத்தின் மறுபக்கத்தில் எதிர் உதையாகக் கொடுப்பது. எலெக்ட்ரான் இல்லாத இந்த இன்னொரு குளிர்விப்பு 1983இல் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடிக்கவும், 1984இல் நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்றது. புட்கர் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 59 வயதில், இறந்துபோயிருந்தார்.

கற்றை மிகவும் குளிர்ந்தால் இரைச்சல் என்னும் இந்தச் சாட்சி பிறழ்கிறது. நாப்-எம் வளையத்தில் அதைத்தான் பார்த்தார்கள். ஒடுங்கிக்கொண்டே போயிருக்கவேண்டிய ஒற்றை மேடு இரண்டு கூம்புகளாகப் பிளந்து நின்றது. மொத்த இரைச்சலும் அத்தனை புரோட்டான்களுக்கு இருக்கவேண்டியதைவிட மிகக் குறைவு. அகலத்தை மட்டும் அளந்து வெப்பநிலை என்று எழுதுபவர், கற்றை சூடாகிவிட்டது என்றே எழுதியிருப்பார். வசிலி பார்கோம்சுக்கும் திமித்ரி பெஸ்த்ரிகோவும் 1980இல் விளக்கம் தந்தார்கள். சூடான கற்றையில் ஒவ்வொரு துகளும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. குளிர்ந்த கற்றையில் அவை ஒன்றின் விலக்கலை மற்றொன்று உணரத் தொடங்குகின்றன. கற்றையின் மேல் அலைகள் எழுகின்றன, ஒன்று ஓட்டத்தோடு, ஒன்று எதிராக. இரண்டு கூம்புகளும் அந்த இரண்டு அலைகளின் குரல்.

அப்போது அளவைகளின் பொருள் தலைகீழாகிவிடுகிறது. முன்பு அகலம் வெப்பத்தையும் பரப்பு எண்ணிக்கையையும் சொன்னது. இப்போது கூம்புகளின் இடைவெளி துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, பரப்பு வெப்பத்தைப் பொறுத்தது. அதே வரைபடம், அதே கோடுகள், ஆனால் வாசிக்கும் முறை வேறு. முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கற்றுக்கொள்ளவேண்டியதில் மிகக் கடினமானது இதுதான் என்று தோன்றுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் பழையதாகிவிட்டது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அருகே உள்ள ஜி.எஸ்.ஐ ஆய்வகத்தின் ஈ.எஸ்.ஆர் வளையத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். 108 மீட்டர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் கன அயனிகளைக் குளிர்வித்துவிட்டு, எண்ணிக்கை தானே குறையும்வரை காத்திருந்தார்கள். குறையக் குறைய வேகச் சிதறலும் படிப்படியாகக் குறைந்தது. சில ஆயிரம் அயனிகள் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் சிதறல் திடீரென்று, படியிலிருந்து விழுந்தாற்போல், பல மடங்கு சரிந்தது. 1996இல் வெளியான முடிவு இது. ஓர் அயனிக்கும் அடுத்ததற்கும் இடையே சில சென்டிமீட்டர் இருக்கும்போது, ஒன்றை ஒன்று தாண்டிப்போகும் வலு எதற்கும் இல்லாமல், எல்லாம் ஒரே வரிசையாக ஓடத் தொடங்கிவிட்டன என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

குளிர்விப்பு இன்று பல அளவுகளில் நடக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் 2005இல் 43 லட்சம் வோல்ட்டில் எலெக்ட்ரான்களை ஓட்டி எதிர்ப்புரோட்டான்களைக் குளிர்வித்தது. செர்னின் எலினா வளையத்தில் கடைசிக் கட்டத்துக்குத் தேவைப்படுவது 55 வோல்ட் மட்டும். பொம்மைக் கடையில் கிடைக்கும் 9 வோல்ட் பேட்டரிகள் ஆறைத் தொடுத்தால் ஏறத்தாழ வந்துவிடும்.

இரைச்சலைக் கேட்கும் கலை அதன் உச்சத்தைத் தொட்டது ஈ.எஸ்.ஆரில்தான். சமேரியம் கற்றையைப் பெரிலியத்தில் மோதவிட்டு, தெறிப்பவற்றில் பிரசியோடிமியம்-140 அணுக்கருக்களைப் பிரித்தெடுத்து வளையத்தில் விடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் மிச்சமிருப்பது ஒரே ஓர் எலெக்ட்ரான். நொடிக்குச் சுமார் இருபது லட்சம் சுற்று. குளிர்ந்தபின் எல்லாம் ஒரே வேகத்துக்கு வந்துவிடுவதால், நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதம் வேறுபட்டால் மட்டுமே அதிர்வெண் வேறுபடும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் இடவலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாக நேரம். ஒவ்வொரு வகை அணுக்கருவும் ஒரு செங்குத்துக் கோடு. வளையத்தில் ஒரே ஓர் அயனி இருந்தாலும் அதன் கோடு தெரியும்.

2008இல் அந்தக் குழு ஒரு திடுக்கிடும் செய்தியை வெளியிட்டது. இந்த அணுக்கருக்கள் சிதைவது சீரான சரிவாக இல்லை, அதன்மேல் சுமார் 7 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவு ஒன்று தெரிகிறது என்றார்கள். சிதைவில் பிறக்கும் நியூட்ரினோக்களின் கலப்பில் காரணம் தேடி உலகெங்கும் விவாதம் கிளம்பியது. பார்த்தது சில ஆயிரம் சிதைவுகளை மட்டுமே. 2014இல் புரோமீதியம்-142 அயனிகளை வைத்து, மேம்பட்ட கருவியோடு, கூடுதல் எண்ணிக்கையில் அதே வளையத்தில் மறுபடி அளந்தார்கள். 2019இல் வெளியான முடிவில் அசைவு இல்லை. பழைய, சீரான சரிவுதான். பரபரப்பான ஒன்றைக் கண்டதாக நம்பிய இடத்திலேயே திரும்பவும் உட்கார்ந்து எண்ணுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! இயற்பியலின் பெருமை என்று எதையாவது சுட்டவேண்டுமானால் அந்த ஐந்தாறு ஆண்டுக் காத்திருப்பைச் சுட்டலாம்.

அந்தத் திரையில் ஒரு சிதைவு இப்படித் தெரியும். பிரசியோடிமியத்தின் கோடு மேலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது, பத்து நொடி, இருபது நொடி. அணுக்கரு தன் ஒரே எலெக்ட்ரானை உள்ளே விழுங்குகிறது. அயனியின் மின்னூட்டம் மாறவில்லை, நிறை மட்டும் இம்மியளவு குறைகிறது. அது இப்போது சீரியம். ஒரு நியூட்ரினோ பிறந்து, வளையச் சுவரையும் பூமியையும் கடந்து போய்விட்டது, எந்தக் கருவியும் அதைப் பார்க்கவில்லை. திரையில் பழைய கோடு நின்றுவிடுகிறது. 60 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 300 ஹெர்ட்ஸுக்கும் குறைவான தூரம் தள்ளி, வலப்பக்கத்தில், புதிய கோடு தொடங்குகிறது. நுண்ணிய கருவி இருந்தால், அந்தக் கோடு தன் சரியான இடத்தில் தொடங்குவதில்லை என்பது தெரியும். நியூட்ரினோ ஒரு திசையில் பாய்ந்தபோது சீரியத்தை எதிர்த்திசையில் உதைத்துவிட்டுப் போயிருக்கிறது. உதைபட்ட அயனி கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகிக் கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எலெக்ட்ரான்கள் அதைத் தொட்டுத் தொட்டு ஆற்றுகின்றன. கோடு சாய்ந்து, வளைந்து, ஏதோ ஒரு நொடிக்குள் நேராகி, கீழே இறங்கத் தொடங்குகிறது.